தட்டு பிரேக் கேட்டு வந்த தணிகாசலம்

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பிகளே, இப்போது உங்களிடம் அதிகமாக வரும் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். சும்மா கடைப்பக்கம் வந்து உட்கார்ந்தாலே காதில் விழுகிறது. "அண்ணே, டிஸ்க்கை மாத்திட்டுப் பெருசா போட்டா வண்டி நல்லா நிக்குமா? ஓட்டை போட்டது, ஓரம் அலையா வெட்டுனது எல்லாம் வந்திருக்குதாமே?" கேட்டவன் வாயை மூடுவதற்குள் நீங்கள் பெட்டியைப் பிரித்துக் கவுண்டர் மேல் வைத்துவிடுகிறீர்கள். நான் குறை சொல்லவில்லை. விற்கத்தான் கடை திறந்திருக்கிறது.

ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வைக்கோலுக்குள் தலைகுப்புறக் கிடந்தபோதுதான் அது எனக்குத் தோன்றியது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. வில்லியனூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மொபெட்டுகள் பெருகிக்கொண்டிருந்த காலம். டிஸ்க் பிரேக் என்பதைப் படத்தில் பார்த்தவர்களே குறைவு. எல்லா வண்டிக்கும் டிரம் பிரேக்தான், உள்ளே இரண்டு ஷூ, வெளியே ஒரு கேபிள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட காலத்தில் எங்கள் முதலாளி ஓர் அதிசயத்தை வாங்கி வந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் டவுனில் இருந்தார். அவர் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளைக் கடல்காற்று தின்று தீர்த்துவிட்டது. மறுபடி அவர் பிரான்சுக்கே கிளம்பியபோது வண்டியைத் துண்டு துண்டாக விற்றார். முன்சக்கரம், ஃபோர்க், பெரிய எவர்சில்வர் தட்டு போல ஒரு டிஸ்க், எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதையும் எங்கள் முதலாளி வாங்கி, கடை வாசலில் உத்தரத்திலிருந்து நைலான் கயிற்றில் தொங்கவிட்டார். ஊர்க்காரர்கள் அதற்குத் தட்டு பிரேக் என்று பெயர் வைத்தார்கள். முதலாளி தினமும் காலையில் அதைத் துடைப்பார், அதிலேயே முகம் பார்த்து விபூதி பூசிக்கொள்வார், பிறகுதான் கல்லாவைத் திறப்பார். பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் தணிகாசலம் வந்தார்.

பாகூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர் அவர். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் வண்டியும் அவரைப் போலவே பெரியது. இரண்டில் எது வந்து நின்றாலும் எங்கள் அலமாரிக் கண்ணாடி அதிரும். அன்றைக்கு அவர் முழங்கையில் கட்டு, முகமெல்லாம் பூனை பிறாண்டியது போலக் கோடு கோடாகக் கீறல். வந்ததும் வாசலில் தொங்கியதைக் காட்டி, "மொதலாளி, இத எறக்கு. எனக்கு மாட்டு" என்றார்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது. "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று ஒரு கையால் வேட்டியை விடுவித்துக்கொண்டே என்னைச் சோடா வாங்கிவர அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது கதை பாதியில் இருந்தது.

கதை இதுதான். தணிகாசலமும் அவர் மனைவி பூங்காவனமும் வண்டியில் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். முன்னால் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன மாட்டு வண்டி. இவர் பிரேக் பிடித்திருக்கிறார். ஆனாலும் வண்டி நேராகக் கரும்புக் கட்டுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. கீறலெல்லாம் கரும்புச் சோகை கிழித்தது. பூங்காவனம் தெறித்துப் பக்கத்து வாய்க்கால் சேற்றில் விழுந்திருக்கிறார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து, புடவையை உதறி, இவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் முதலாளி.

"'இது நிக்கட்டும், அப்பறம் ஏர்றன்'னா மொதலாளி. அன்னையிலேர்ந்து எங்க போனாலும் பஸ்ஸுதான். பஸ் பின்னாலயே நானு. மானம் போவுதுபா! கண்டக்டர் எட்டிப் பாத்து, 'அண்ணே, அண்ணிக்கு டிக்கெட் போட்டாச்சு, நீ முன்னால போ'ன்றான். அடுத்த முகூர்த்தத்துல திருக்கனூர்ல அவ அண்ணம் பொண்ணுக்குக் கல்யாணம். நான் வண்டியில தனியா, அவ பஸ்ஸுல தனியாப் போயி எறங்குனா ஜனம் இன்னா பேசும்? ரெண்டும் பிரிஞ்சி பூட்டுதுன்னுல்ல பேசும்? வண்டி நிக்கணும். நீ தட்ட மாட்டு."

முதலாளி பக்கத்துக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மாட்ட முடியாது என்ற சொல்லே தெரியாத மனிதர் அந்த மெக்கானிக். தொங்கியதையும் நின்றதையும் மாறி மாறிப் பார்த்தார். "கழுத்துல ஒரு புஷ் கடைஞ்சி போட்டா பூந்துடும். வண்டி கொஞ்சம் மூஞ்சியத் தூக்கிகினு நிக்கும், அவ்ளோதான்" என்றார். "தூக்கட்டும்பா, அழகாதான் இருக்கும்" என்றார் தணிகாசலம்.

எனக்கு மட்டும் மனம் சரியாக இல்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கம்போல நான் போய் அவர் வண்டியின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. மெக்கானிக்கை ஓட்டிப் பார்த்துப் பிரேக் பிடிக்கச் சொன்னேன். டயர் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு நின்றது.

இங்கே கொஞ்சம் காது கொடுங்கள், இதுதான் தொழில். பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயரும் தரையும். இருக்கிற பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது என்றால், அதற்கு மேல் பலமான பிரேக் போட்டு என்ன செய்யப் போகிறோம்? மலையிலிருந்து இறங்குகிறவன் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறான், டிரம் கொதிக்கும், பிடி நழுவும். அவனுக்கு டிஸ்க் வேண்டும். பந்தயம் ஓட்டுகிறவனுக்கு வேண்டும். எங்கள் கொம்யூன் ஊர்களில் மலை எங்கே இருக்கிறது? பாகூர் ஏரிக்கரைதான் எங்களுக்கு இமயம்.

"அண்ணே, எவ்ளோ வேகத்துல வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வேகமா? மெதுவாதாம்பா. பேசிகினு வந்தோம்."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தம், வாங்க வந்தவனை விசாரிக்காதே என்பது. நான் அந்தப் பார்வையைக் கவனிக்காதவன் போல, "அண்ணே, மாட்டறதுக்கு முன்னால ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா? நான் பின்னால ஒக்காந்து பாக்கறன்" என்றேன். தணிகாசலத்துக்குச் சந்தோஷம். அவருக்குப் பின்சீட்டில் ஆள் கிடைத்து நாளாகியிருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

தேரடி தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனார். ஒதியம்பட்டு சாலையில் திரும்பியதும் பேச ஆரம்பித்தார். திருக்கனூர் மச்சான் நிலம் வாங்கிய கதை. நானும் "ஆமாண்ணே" என்றேன். அது நான் செய்த முதல் தவறு. ஆமாம் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுத்தைத் திருப்பினார். கழுத்து போதாமல் தோளைத் திருப்பினார். ஒரு கையை ஹாண்டில் பாரிலிருந்து எடுத்து, மச்சான் எப்படிக் கையை நீட்டிப் பத்திரம் வாங்கினார் என்று என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். ஒருவர் எதிரில் உட்கார்ந்து என்னோடு கதை பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான், நாங்கள் இருவரும் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் இருந்தோம்.

"அண்ணே, ஆடு!"

திரும்பினார், பிடித்தார், நின்றது. ஆடு எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

"பாத்தியா? கிட்டத்துல வந்துதான் நிக்குது" என்றார். மறுபடி கிளப்பினார். மறுபடி மச்சான். இந்த முறை அவர் முழுதாகவே என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னான் தெரியுமா அந்த ஆளு?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவர் தோளுக்கு மேலே சாலை முழுதும் பரப்பி வைத்திருந்த வைக்கோல் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாலையிலேயே வைக்கோல் காயவைத்து ஓரத்தில் குவித்து வைப்பது அங்கே வழக்கம். நான் "அண்ணே" என்று கத்திய சத்தத்தில் அவர் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நின்றது. வண்டி வைக்கோல் மேல் அழகாக வழுக்கிக்கொண்டு போய்க் குவியலுக்குள் நுழைந்தது.

உள்ளே இருட்டாக, கதகதப்பாக இருந்தது. வாயெல்லாம் வைக்கோல். பக்கத்தில் எங்கிருந்தோ தணிகாசலத்தின் குரல் கேட்டது.

"இப்ப ஒத்துக்கறியா? நிக்கலதான?"

அங்கேதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. பிரேக் எப்படி இருக்கிறது என்பதில்லை. பிரேக் பிடிப்பதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய்?

வைக்கோல்காரர் எங்களைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைக்குத் திரும்பும்போது நான் வண்டியில் ஏறவில்லை, வேறு யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் இங்கே நிலைமை முற்றிவிட்டது. முதலாளி தட்டு பிரேக்கைக் கயிற்றிலிருந்து இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். மெக்கானிக் ஸ்பானரை விரித்து வைத்திருந்தார். வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி நிற்கிறது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில், அந்த உடம்பையும் அந்தக் குரலையும் பார்த்து, "அண்ணே, கோளாறு வண்டியில இல்ல, உங்க கழுத்துல" என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் டவுனுக்குப் போய் வேறு கடையில் இன்னும் பெரிய தட்டாக மாட்டிக்கொள்வார். முதலாளி என்னைத் தட்டு தொங்கிய கயிற்றிலேயே தொங்கவிடுவார். சொல்லாமல் விட்டாலோ, புது பிரேக் வந்துவிட்டது என்ற தைரியத்தில் இவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கதை சொல்வார். பின்னால் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் வாய்க்காலோ வைக்கோலோ எதிரில் இருக்கும் என்று சொல்ல முடியாதே.

என் தலையிலிருந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டே சொன்னேன்: "அண்ணே, மாட்டறது நிமிஷ வேலை. ஆனா ஒக்காரப் போறது அண்ணிதான? அவங்க ஒரு தடவ பாத்துட்டு, சரின்னு சொல்லட்டுமே. அப்பறம் மாட்டிட்டு, இத மாட்டல அத மாட்டலன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க."

தணிகாசலம் யோசித்தார். "அதுவும் சரிதாம்பா. அவ கண்ணால பாத்துட்டா நம்பிடுவா" என்றார். முதலாளி ஊதுபத்தியை அணைத்தார்.

இரண்டொரு நாளில் பூங்காவனம் வந்தார். பஸ்ஸில்தான். பின்னாலேயே தணிகாசலம் வண்டியில். மெலிந்த உடம்பு, அமைதியான முகம். கடைக்குள் வந்து, சந்தனம் குங்குமத்தோடு இருந்த தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். முதலாளி, "பிரான்ஸ் சாமான்மா, கையி வெச்சா போதும்" என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்:

"இத மாட்டுனா இவரு திரும்பித் திரும்பிப் பேச மாட்டாரா?"

முதலாளிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"அது... பிரேக்குமா இது. வண்டிய நிறுத்தும்."

"வண்டி நல்லாதான் நிக்குது. அன்னிக்கும் நின்னுது. கரும்புக்குள்ள போயி நின்னுது."

தணிகாசலம் பதறிவிட்டார். "ஏண்டி, நீதான சொன்ன? 'இது நிக்கட்டும், அப்பறம் ஏர்றன்'னு சொன்னியா இல்லியா?"

"சொன்னன். இதுன்னா எது? வண்டின்னு நெனச்சுகினியா?" அந்த அம்மா விரலை நீட்டி அவருடைய வாயைக் காட்டினார். "இத சொன்னன்யா."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்புறம் போய்ச் சிரித்தார். எனக்கு அந்த வசதி இல்லை, கவுண்டரில் நிற்க வேண்டியிருந்தது. நட்டுப் பெட்டி ஒன்றைக் கொட்டிவிட்டு, குனிந்து பொறுக்குவது போல அங்கேயே இருந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தபோது தணிகாசலத்தின் முகம் என் சிரிப்பை நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய மனிதர் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர் போல நின்றார். "நான் பேசறது ஒனக்குப் புடிக்கலன்னு தெரியாம பூட்டுது" என்றார். குரல் அலமாரிக் கண்ணாடியை அதிர வைக்கவில்லை.

"புடிக்கலன்னு எவ சொன்னா?" என்றார் அந்த அம்மா. "வண்டி ஓட்டறப்போ பேசாதன்றன்."

சரி, பேசவில்லை என்று அவர் அங்கேயே சத்தியம் செய்தார். சோதித்துப் பார்க்க இருவரும் வண்டியில் ஏறினார்கள். கடையிலிருந்து தேரடிவரை போய்த் திரும்புவது ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். உதட்டை இறுக்கிக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போவது போலப் போனார். தெருமுனை வரைக்கும் தாங்கியது. முனையில் பழைய சிநேகிதர் யாரோ கையை உயர்த்தினார். அவர் யாரென்று மனைவிக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? கழுத்து திரும்பிவிட்டது. பூங்காவனம் அங்கேயே இறங்கி, கடைக்கு நடந்து வந்தார்.

வந்தவர் தட்டு பிரேக்கைப் பார்க்கவில்லை. மெக்கானிக் விற்பதற்காகத் துடைத்து நிறுத்தியிருந்த பழைய மொபெட்டைப் பார்த்தார். அதன் பெடலைக் காலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, எங் கல்யாணத்துக்கு முன்ன ஒரு மூட்ட நெல்லு அரைக்க வேண்டியிருந்தா நான்தான் சைக்கிள்ல வெச்சி மில்லுக்கு மெதிச்சிகினு போவன். சைக்கிள் தெரிஞ்சவங்க இத ஓட்ட முடியுமா?" என்று கேட்டார்.

முதலாளியை நான் அன்றைக்குத்தான் முழுதாக மதித்தேன். கைக்கு வந்த தட்டு வியாபாரம் கண் முன்னாலேயே கவிழ்கிறது. அந்த மொபெட் எங்களுடையதுகூட இல்லை. ஆனாலும் அவர் ஒரு நிமிஷம் தன் தட்டைப் பார்த்தார், ஒரு நிமிஷம் அந்த அம்மாவைப் பார்த்தார். "நல்லா ஓட்டலாம்மா. ஆனா பழைய பிரேக் ஷூவும் முன் டயரும் மாத்திகினு ஓட்டுங்க. அத மட்டும் எங்ககிட்ட வாங்கிக்கங்க" என்றார். தேவைப்பட்டதை மட்டும் விற்றார். தட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுபடி கயிற்றில் ஏறியது, முதலாளி அதில் முகம் பார்த்து இன்னும் வெகுநாள் விபூதி பூசினார். பிறகு ஒருநாள் மலைத்தோட்டத்தில் வேலையாக இருந்த ஒருவர் வந்தார். வாராவாரம் சுமையோடு கொண்டைஊசி வளைவுகளில் இறங்குகிறவர். நான் கேட்டேன், பிரேக் பிடிப்பதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று. "பிரேக் புடிச்சிகினுதான் இருக்கறன், அதுக்கு முன்னாலயும் அதான், அப்பறமும் அதான்" என்றார். நானே என் கையால் இறக்கிக் கொடுத்தேன். அவருக்கு அது தேவை. ஆகவே, பெரிய டிஸ்க் வீண் என்று நான் சொல்லவில்லை. கடைத்தெருவுக்கும் காலேஜுக்கும் போய்வருகிற பையனுக்கு முதலில் டயரைப் பாருங்கள், பிரேக் பேடைப் பாருங்கள், கேபிளோ ஆயிலோ அதைப் பாருங்கள். அப்புறம் மெதுவாக, அவன் மனம் நோகாமல், அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இப்போதெல்லாம் பாதிப் பேருக்குப் பதில் சட்டைப்பையிலேயே இருக்கிறது, ஒளி வீசிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு.

திருக்கனூர் கல்யாணத்துக்கு முதல்நாள் கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் பூங்காவனம், பட்டுப்புடவையை இழுத்துச் சொருகி, கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல். பின்னால் மடியில் சீர்த்தட்டோடு தணிகாசலம். அந்தச் சின்ன வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தது, பெஞ்சு மேல் நெல் மூட்டையை வைத்தது போல இருந்தது. பாகூரிலிருந்து வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார், தொண்டை கட்டிப் போயிருந்தது. சோடா கேட்டார்.

தெருவே பார்த்தது. யாரோ ஒருவர் கேட்டும்விட்டார். "இன்னா தணிகாசலம், பொம்பள ஓட்ட, நீ பின்னால ஒக்காந்து வர? வெக்கமா இல்ல?"

"வெக்கம் இன்னாத்துக்குபா?" என்றார் அவர், சோடாவைக் குடித்துவிட்டு. "முன்னால ஒக்காந்து சொன்னா பாதிக் கதை காத்துல பூடுது. இப்ப நேரா காதுல சொல்றன்."

அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். மொபெட் ஒருமுறை முனகி, சமாளித்துக்கொண்டது. நான் பின்டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன். கிளப்புவதற்கு முன்னால், முகத்தைத் திருப்பாமலே, அந்த அம்மா கேட்டது எனக்குக் கேட்டது.

"ம், சொல்லு. எங்க உட்ட?"